சுத்தப் பக்கத்துக் கதவு

அந்தச் சலவை ஆலையை நடுவில் ஒரு சுவர் இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் அழுக்கு, மறுபக்கம் சுத்தம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் படுக்கை விரிப்பும் அறுவை அறைத் துணியும் அழுக்குப் பக்கத்தில் வந்து இறங்கும். அங்கே வேலை செய்பவர் மறுபக்கம் போக வேண்டுமென்றால் குளித்து, உடை மாற்றி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். சுவரை நேராகத் தாண்டும் உரிமை துணிக்கு மட்டும்தான். அதற்காகவே ஒரு பெரிய மெஷினைச் சுவரிலேயே பதித்திருந்தார்கள். முன்கதவு அழுக்குப் பக்கம், பின்கதவு சுத்தப் பக்கம். தண்ணீர் குடிப்பதிலும் சொன்ன பேச்சைக் கேட்காததிலும் ஒரே மாதிரி இருந்ததால் எல்லோரும் அதை யானை என்றார்கள்.

பின்கதவு திறக்கலாமா கூடாதா என்று முடிவு செய்தது கன்ட்ரோலர் என்ற சின்னக் கம்ப்யூட்டர். சுத்தப் பக்கத்து அறையில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது. கடைசி அலசலில் தண்ணீர் எழுபது டிகிரிக்கு மேல் ஏறி, அந்தச் சூட்டிலேயே சற்று நேரம் நின்றால் கிருமி செத்ததாகக் கணக்கு. கதவு திறக்கும். இல்லையென்றால் திறக்காது.

இந்தக் கன்ட்ரோலருக்குப் புரோகிராம் எழுதுவதுதான் அவள் வேலை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தோளில் எப்போதும் பை தொங்கியதால் எலக்ட்ரீஷியன் அவளுக்கு லேப்டாப் என்று பேர் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. வேலை வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. சுத்தப் பக்கத்தில் துணி மடிக்கும் பெண்களுக்கு அவர்தான் சூப்பர்வைசர். வீட்டிலும் மாடிப் போர்ஷனில் அவர், கீழே இவர்கள். ஆகவே எட்டு மணி நேரமும் அவர் கண்காணிப்பு, மீதி நேரமும் அவர் கண்காணிப்பு.

எல்லாம் ஒரு கேலிப் பேச்சில் தொடங்கியது. லேபிள் அடிக்கும் பிரின்டரைப் பார்க்க அவள் மடிப்பு மேசைக்குப் போயிருந்தாள்.

"ஏம்மா லேப்டாப்பு, அந்த யானைகிட்ட நாங்க சொன்னோம்னு சொல்லி, தினம் ரெண்டு மாப்பிள்ளை லோடு போடச் சொல்லேன்" என்றாள் மடிப்புக்காரி ஒருத்தி.

"அது என்ன மாப்பிள்ளை லோடு?"

"மத்த லோடெல்லாம் மாமியார். தொட்டாலே சுடும். சிலது மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி பதமா, வெதுவெதுன்னு வரும். கையுறையே வேண்டாம்."

"மாப்பிள்ளையும் மாசம் போகப் போகச் சுடுவான், கவலைப்படாத" என்றார் நாத்தனார். மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள். வெதுவெதுவென்று ஒரு லோடு வெளியே வர வழியே இல்லை. அதற்குத்தான் அந்தக் கதவு.

யானை பழைய மெஷின். எங்கிருந்தோ வாங்கி வந்தது. அது பேசும் பாஷை கன்ட்ரோலருக்குப் புரியாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு தகவல் தொடர்பு மாட்யூலை வைத்திருந்தார்கள். ஒரு கை அகலம், ஓரத்தில் நாலு பச்சை விளக்கு. யானை தன் சூட்டைச் சொல்லும். மாட்யூல் அதைக் கன்ட்ரோலரின் பாஷையில் மாற்றித் தன் நினைவகத்தில் ஒரு இடத்தில் எழுதி வைக்கும். கன்ட்ரோலர் அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். தபால் பெட்டி மாதிரி. வித்தியாசம் ஒன்றுதான். இந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் கடிதம் பெட்டியிலேயே இருக்கும். புதுசு வந்தால்தான் பழசு போகும்.

யானையிலிருந்து வரும் கேபிள் பெரிய மோட்டார்களின் மின்கம்பிகளோடு ஒட்டி உரசிக்கொண்டு ஓடியது. மோட்டார் கிளம்பும்போது சில நேரம் பேச்சு அறுந்துவிடும். அப்போது என்ன செய்வது என்று மாட்யூலில் ஒரு தேர்வு உண்டு. இதை முதலில் அமைத்துக் கொடுத்த பழைய புரோகிராமர், 'கடைசி எண்ணையே வைத்துக்கொள்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

குளிர்ந்த எண்ணில் பேச்சு அறுந்தால் ஆபத்தில்லை. கன்ட்ரோலர் நீராவியைத் திறந்துகொண்டே இருக்கும், துணி வெந்துபோகும், எல்லோரும் கத்துவார்கள், எலக்ட்ரீஷியன் வந்து மாட்யூலை அணைத்துப் போடுவார். ஆனால் ஒரு லோடு முடியும் நேரத்தில், எழுபத்து மூன்றில், பேச்சு அறுந்தால்? அடுத்த லோடு உள்ளே வரும்போதே கன்ட்ரோலர் கண்ணுக்கு அது சூடாகத்தான் தெரியும். நீராவியைத் திறக்கவே திறக்காது. சேமிப்புத் தொட்டியிலிருந்து வந்த வெதுவெதுப்பான தண்ணீரிலேயே துணி சுற்றும். திரையில் எழுபத்து மூன்று, ஒரு புள்ளி ஆடாமல். கதவு திறக்கும். அறுவை அறைத் துணி அழகாக மடிந்து, உறை போட்டு, லாரி ஏறும்.

கெட்ட எண்ணைக் கண்டு எல்லோரும் பயந்தார்கள். நல்ல எண்ணைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

அன்றே அவள் புரோகிராமை மாற்றினாள். யானை தன் சூட்டோடு சேர்த்து ஒரு எண்ணிக்கையையும் அனுப்பும். நொடிக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். அதுதான் அதன் நாடி. எண்ணிக்கை நகர்ந்தால் தகவல் உயிரோடு இருக்கிறது. நின்றால், எழுபத்து மூன்று என்பது பிணத்தின் வாயிலிருந்து வந்த சொல். கதவு திறக்காது, லோடு மறுபடி அலசப்படும்.

கதவு திறக்கவில்லை. அன்று மட்டுமில்லை, மறுநாளும், அதற்கு மறுநாளும், பல தடவை. வாசலில் லாரி நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபடி இருந்தது. மடிப்பு மேசையில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மடித்தால்தான் அவர்களுக்குக் கூலி.

மேனேஜருக்கு ஆலையில் வழங்கிய பேர் 'ஓடட்டும்'. பெல்ட் கிழிந்தாலும் குழாய் ஒழுகினாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, நீ கை வைக்கறதுக்கு முன்னாடி இந்தக் கதவு திறந்துச்சா, இல்லையா?"

"திறந்துச்சு சார். திறக்கக்கூடாத நேரத்துலயும் திறந்துச்சு."

"ஆஸ்பத்திரிக்காரன் யாராவது புகார் கொடுத்தானா?"

"தையல் போட்ட இடத்துல சீழ் வச்சா, பெட்ஷீட்டைப் பார்த்தா சார் புகார் பண்ணுவாங்க? டாக்டரைத்தான் திட்டுவாங்க."

"உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும் முதல்ல."

"கேபிளை மோட்டார் கம்பிகிட்டேருந்து தள்ளிப் போட்டாலே போதும் சார். அரை நாள் மெஷினை நிறுத்துங்க."

அரை நாள் என்றதும் அவர் முகம் நெஞ்சு வலி வந்தவர் மாதிரி ஆனது. "அதெல்லாம் பார்க்கலாம். இப்ப ஓடட்டும்" என்று போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மறுமுனையில் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் அன்று சாப்பாட்டுக்கு நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். தட்டில் கை வைக்கவில்லை.

"உன் பொண்டாட்டி எங்க கதவைச் சாத்திட்டாடா" என்றார் தம்பியிடம், அவள் பக்கமே திரும்பாமல். "என் பிள்ளைங்க எல்லாம் வெறும் மேசையைத் துடைச்சிட்டு வீட்டுக்குப் போகுதுங்க. நான் கூட்டிட்டு வந்த ஆளுன்னு என் மூஞ்சிலதான் காறித் துப்புறாங்க."

கணவன் தையல் மெஷின் ரிப்பேர்க்காரன். இரண்டு பெண்களுக்கு நடுவே எந்தப் பல்சக்கரத்தையும் தொடாமல் இருப்பதில் கெட்டிக்காரன். "தண்ணி வேணுமா யாருக்காவது?" என்றான்.

"அக்கா, அந்தத் துணி வேகல" என்றாள் அவள். "வேகாத துணியை மடிச்சுக் கொடுக்கச் சொல்றீங்களா?"

"நான் என்னத்தைக் கண்டேன்? கதவு திறந்தா மடிப்பேன். திறக்கலைன்னா உன்னைத் திட்டுவேன்."

"திட்டுங்க. கதவு திறக்காது."

நாத்தனார் எழுந்து மாடிக்குப் போனார். படியில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது.

அடுத்த வாரம் மகளின் பள்ளிக்கூட வேலையாக அவள் ஒரு நாள் லீவு போட்டாள். திரும்பி வந்தபோது பிரச்சினை தானாகத் தீர்ந்திருந்தது. கதவு ஒரு தடவைகூடத் திறக்காமல் நிற்கவில்லை. மறுநாளும் இல்லை. மடிப்பு மேசை நிறைந்திருந்தது. நாத்தனார் அவளைப் பார்த்து, சிரிக்காவிட்டாலும், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எலக்ட்ரீஷியன் ரகசியமாகக் கேபிளை நகர்த்திவிட்டார் என்று நினைத்து அவள் அவரைத் தேடிப் போய் நன்றி சொன்னாள்.

அவர் ஸ்குரூடிரைவரால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். "எதுக்கு நன்றி? நான் எதையும் தொடலையே. நீ லீவு போட்ட அன்னைக்கு அந்தப் பழைய புரோகிராமர் வந்தாரு. டீ குடிக்கிற நேரம்கூட ஆகல. கிளம்பிட்டாரு."

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. நாடி பார்க்கும் இடத்தில் யானையின் எண்ணிக்கையை எடுத்துவிட்டு, கன்ட்ரோலரே தனக்குள் ஒரு எண்ணிக்கையை ஓட்டும்படி எழுதியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அது ஓடிக்கொண்டே இருக்கும்; உலகமே நின்றாலும் ஓடும். நோயாளியின் கையை விட்டுவிட்டு டாக்டர் தன் மணிக்கட்டையே பிடித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதுவது போல.

சந்தேகத்துக்கு இடம் வைக்க அவள் விரும்பவில்லை. அடுத்த லோடு சூடு ஏறி முடியும் நேரத்தில் மாட்யூலிலிருந்து யானையின் கேபிளைக் கையால் உருவினாள். திரையில் எழுபத்து மூன்று, அசையவில்லை. அதற்கடுத்த லோடை ஏற்றினார்கள். சுற்றியது. முடிந்தது. கேபிள் நுனி அவள் உள்ளங்கையில் இருந்தது. கதவு கிளிக் என்று திறந்தது. முதல் துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்டலாம் போலிருந்தது.

கேபிளைத் திரும்பச் செருகி, அந்த லோடை மறுபடி அலச அனுப்பிவிட்டு, உடை மாற்றி, சுற்றிக்கொண்டு அழுக்குப் பக்கத்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றார் அவர், கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல இல்லாமல். "பாரு. வாசல்ல லாரி நிக்கல. போன் இல்ல. உங்க நாத்தனாருக்கும் சந்தோஷம். எல்லாம் ஓடுது."

"நான் மறுபடி மாத்துவேன் சார்."

"நீ மாத்து. நான் அவரை மறுபடி கூப்பிடுவேன். நீ தினம் எழுது, அவர் தினம் அழிக்கட்டும். யாருக்குக் கை வலிக்குதுன்னு பார்க்கலாம்."

அவள் வெளியே வந்தாள். அவர் சொன்னது சரி. புரோகிராமில் எழுதியதைப் புரோகிராமில் அழிக்கலாம். அதற்கு ஒரு லேப்டாப்பும் ஒரு டீயும் போதும். மெஷினை நிறுத்தக்கூட வேண்டாம். அவள் பிழைப்பு முழுவதும் அந்த வசதியில்தான் ஓடியது. இப்போது அதுதான் கழுத்தை அறுத்தது.

ஸ்டோரில் போய் ஒரு வெப்ப ஸ்விட்ச், ஒரு டைமர் ரிலே, நீளமாக ஒரு கம்பிச்சுருள் வாங்கினாள். துணி சுற்றும் டிரம்மை மூடிய உள்தொட்டியின் உடம்பில் ஸ்விட்சைப் பதித்து, அதிலிருந்து கம்பியைச் சுவர் வழியாக நேரே பின்கதவின் பூட்டுக்குக் கொண்டு போய்விட வேண்டும். தண்ணீர் உண்மையிலேயே சூடாகி, வேண்டிய நேரம் நின்றால்தான் பூட்டுக்குக் கரண்ட் போகும். நடுவில் மாட்யூல் இல்லை, கன்ட்ரோலர் இல்லை, அவள் எழுதிய ஒரு வரிகூட இல்லை. யார் எந்த எண்ணைக் காட்டினாலும் கதவு கேட்காது.

ஓடிக்கொண்டிருந்த லோடு முடிந்ததும் யானையின் பிரதான ஸ்விட்சைக் கீழே இழுத்தாள். பையிலிருந்து சிவப்புப் பூட்டை எடுத்துக் கைப்பிடியில் மாட்டினாள்.

மெஷினுக்குள் கை விடும் ஒவ்வொருவருக்கும் அந்த ஆலையில் ஒரு சிவப்புப் பூட்டு உண்டு. அதில் அவர் போட்டோ தொங்கும், சாவி ஒன்றுதான். வேலை முடியும்வரை சாவி அவர் சட்டைப்பையில். போட்டவர் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது, முதலாளியாகவே இருந்தாலும். உள்ளே இருப்பவன் உயிர் வெளியே இருப்பவன் அவசரத்தில் போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி. ஆலையில் மற்ற விதிகளை எல்லோரும் மீறினார்கள். இதை மீறியதில்லை.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்தொட்டிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையில் அவள் இடுப்புவரை நுழைந்தபோது மேனேஜர் வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு நிறுத்தின?"

"வேலை இருக்கு சார்" என்றாள் உள்ளேயிருந்து. தகரக் கூட்டுக்குள் அவள் குரல் மூன்று மடங்காகி வந்தது.

"நான் உனக்கு எந்த வேலையும் கொடுக்கல. வெளிய வா."

"முடிச்சிட்டு வர்றேன்."

அழுக்குப் பக்கத்து ஆட்கள் தள்ளுவண்டிகளை அப்படியே விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். மேனேஜர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். "கட்டரைக் கொண்டா. அந்தப் பூட்டை வெட்டு."

எலக்ட்ரீஷியன் பூட்டைப் பார்த்தார். அதில் தொங்கிய போட்டோவைப் பார்த்தார். பிறகு கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் செருப்பில்லாத இரண்டு பாதங்களையும் பார்த்தார்.

"கட்டர் அந்தச் சுவத்துல மாட்டியிருக்கு சார். எடுத்துக்குங்க."

"உன்னைத்தான் வெட்டச் சொன்னேன்."

"இந்தப் பொண்ணோட எனக்குச் சரிப்படாது சார், அது ஊருக்கே தெரியும். வாய் ஜாஸ்தி. ஆனா பூட்டு வேற விஷயம். இன்னைக்கு இது பூட்டை நான் வெட்டினா, நாளைக்கு நான் உள்ள இருக்கும்போது என் பூட்டை எவன் வெட்டுவானோ? எனக்கு ரெண்டு கை வேணும் சார். முதுகு சொறியவாவது வேணும்."

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் தானே போய்க் கட்டரை எடுத்து வந்தார். அதன் இரண்டு தாடைகளையும் பூட்டு வளையத்தில் வைத்தார். அழுத்தவில்லை. சுற்றி நின்றவர்கள் ஒரு அடி நகரவில்லை. உள்ளே ஸ்பேனர் தகட்டில் உரசும் சத்தம் மட்டும் நிதானமாக வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவருக்காக நிற்கவில்லை என்பதுதான் அவரை நிறுத்தியிருக்க வேண்டும். கட்டரைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்."

"சரி சார். நாளைக்கு வரல. இன்னைக்கு இருக்கேன்ல?"

வெப்ப ஸ்விட்சும் டைமரும் பொருந்திவிட்டன. கம்பியைச் சுவரிலிருந்த குழாய்க்குள் விட்டாள். முக்கால் தூரம் போய் நின்றுவிட்டது. மறுபக்கம் யாராவது கொக்கி விட்டு இழுத்தால்தான் வரும். அவள் ஸ்பேனரால் குழாயைத் தட்டினாள்.

"யாரது?" குழாய்க்குள்ளிருந்து நாத்தனார் குரல் வந்தது.

"நான்தான் அக்கா. கம்பி ஒண்ணு வருது. கொக்கி விட்டு இழுங்க."

"நீதான் மெஷினை நிறுத்தினியா?"

"ஆமா."

"வேலை போச்சாமே?"

"போச்சு."

"வீட்டுல வந்து எங்கிட்ட அழக்கூடாது, சொல்லிட்டேன்."

"அழமாட்டேன். இழுங்க."

"நான் உனக்காக இழுக்கல. இது முடிஞ்சாத்தான் யானை ஓடும். என் பிள்ளைங்க சும்மா உட்கார்ந்திருக்கு. அதுக்காக இழுக்கறேன்." கொக்கி குழாயில் உரசியது. "இது எதுக்குக் கம்பி?"

"தண்ணி சுடலைன்னா உங்க கதவு திறக்காது. யார் சொன்னாலும் திறக்காது."

கொக்கி உரசுவது நின்றது. கம்பி அவள் கையிலேயே அசையாமல் கிடந்தது. விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றே நினைத்தாள்.

"கேபிளு கேபிளுன்னு சொன்னியே, அதைச் சரி பண்ணினா கதவு ஒழுங்கா திறக்குமா?"

"திறக்கும். மேனேஜர் நிறுத்தினாதான் சரி பண்ண முடியும்."

"அந்த ஆள்கிட்ட நான் பேசிக்கறேன். அறுபது பொம்பளைங்களோட வந்து பேசிக்கறேன்" என்றார் நாத்தனார். கம்பி விடுவிடுவென்று அவள் விரல்களுக்கிடையே ஓடத் தொடங்கியது.

அவள் குளித்து, உடை மாற்றி, சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவுப் பூட்டில் இரண்டு முனைகளையும் முறுக்கினாள். திரும்பி வந்து தகட்டை மூடி, தன் சாவியால் தன் பூட்டைத் திறந்து, பிரதான ஸ்விட்சை மேலே தள்ளினாள். யானை உறுமியது. முதல் லோடு ஏறியது. திரையில் என்ன எண் வருகிறது என்று அவள் பார்க்கவில்லை.

மேனேஜர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "நாளைக்குக் காலையில அந்தப் பழைய புரோகிராமரைக் கூப்பிட்டு இதைக் கழட்டிடுவேன்."

"கழட்டலாம் சார். லேப்டாப்ல கழட்ட முடியாது. தகட்டைப் பிரிச்சு உள்ள போகணும். அதுக்கு நீங்க மெஷினை நிறுத்தணும்."

வரிசையாக நின்ற தள்ளுவண்டிகள் மேல் அவர் கண் போயிற்று. அங்கிருந்து வாசலில் ஹாரன் அடித்த லாரிக்கு.

"அடையாள அட்டை, லேப்டாப், பூட்டு" என்றார் கடைசியில், கையை நீட்டி.

அவள் அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். லேப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்தாள். தோள் திடீரென்று லேசானது. சிவப்புப் பூட்டிலிருந்த தன் போட்டோவைப் பார்த்தாள். சேர்ந்த அன்று எடுத்தது, பயந்த முகம்.

"இது ஆலையோடது இல்ல சார்" என்று சொல்லிப் பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வழிவிட்ட வண்டிகளுக்கு நடுவே வெளியே நடந்தாள்.